வெட்டுப்பட்டவர்கள் வந்து இறங்கிய ஊர்

என் அக்கா செண்பகவல்லி விருதுநகரில் நடந்த செஸ் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், அவள் பலகையில் வெட்டிய மூன்று சிப்பாய்களும் எங்கள் தெருவில் வந்து நின்றார்கள். ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நாகலூரணியில் ஒருத்தரும் கேட்கவில்லை, நான் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்? காலில் செருப்பில்லை, தலை மழித்து உருண்டையாக இருந்தது, கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், சீவிய வேப்பம்பலகையின் நிறத்தில் உடம்பு, வெயில் முகத்தில் அடித்தும் கண்ணைச் சுருக்காத ஒரு பார்வை. வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வந்த அம்மா அவர்களைப் பார்த்துவிட்டு, வாளியைக்கூடக் கீழே வைக்காமல், "யாருய்யா நீங்க? டீ குடிக்கீகளா?" என்றாள்.

அவர்கள் பேசவில்லை. எங்கள் அண்ணன் சங்கிலிமுத்துதான் கிட்டே போய் உற்றுப் பார்த்தான். அக்காவுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"ஏட்டி செண்பா, இவனுவ நீ நேத்து வெட்டுனவனுவட்டி. மூணு வெள்ளைச் சிப்பாய் வெட்டுனேல்லா?"

அக்காவுக்கு அப்போது பத்து வயது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நுரையைத் துப்பிவிட்டு, "மூணுதான். ஒரு குதிரையும் வெட்டுனேன், அது எங்க?" என்றாள்.

குதிரை வரவில்லை. அதற்கப்புறம் அவள் எத்தனையோ குதிரையையும் யானையையும் வெட்டினாள், ராணியையே வெட்டினாள், ஒன்றுகூட எங்கள் ஊருக்கு வந்ததில்லை. பெரிய ஆட்கள் செத்தால் வேறு எங்கேயோ போகிறார்கள். எங்கள் ஊருக்கு வந்ததெல்லாம் சிப்பாய்கள்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து ஆதார் அட்டை கேட்டார், அவர்கள் பதில் சொல்லவில்லை, அவர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பூசாரி வந்து துன்னூறு போட்டார், அதை அவர்கள் துடைக்கவும் இல்லை, வேண்டும் என்று நெற்றியைக் காட்டவும் இல்லை. வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள், ஊமைகள் என்று மீதிப் பேர் சொன்னார்கள், மத்தியானத்துக்குள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தவமணி மாமா வந்து மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒருத்தன் கையில் தீக்குச்சி அடுக்கும் கட்டையைக் கொடுத்துப் பார்த்தார். அவன் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். ஊரில் ஓர் அதிசயம் நடந்தால் அது எவ்வளவு நேரத்துக்கு அதிசயமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒருத்தன் அதன் கையில் வேலையைக் கொடுக்கும் வரைக்கும்தான்.

சிப்பாய்களுக்கு முன்னோக்கி மட்டும்தான் நடக்கத் தெரியும், அதுவும் ஒவ்வோர் அடியாக, பின்னால் வரத் தெரியாது, பக்கத்தில் திரும்பத் தெரியாது. சுவர் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஊரே அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொண்டது. தவமணி மாமா ஆபீஸின் பின்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார், இந்த வாசலில் நுழைந்தவன் வேலை செய்துகொண்டே போய் அந்த வாசலில் வெளியே வருவான், அங்கே ஓர் ஆள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டால் மறுபடியும் நுழைவான். ஒரு மனுசனைத் தோளைப் பிடித்து எப்படித் திருப்ப வேண்டும் என்பதை நாகலூரணியில் நடை பழகும் பிள்ளைகூடக் கற்றுக்கொண்டது. கல்யாணப் பந்திக்கு, அரிசி மூட்டை இறக்குவதற்கு, சாக்கடை அள்ளுவதற்கு, எல்லாவற்றுக்கும் சிப்பாய். அக்கா வெள்ளைக்காய் வைத்து ஆடினால் கறுப்புச் சிப்பாய்கள் வருவார்கள், கறுப்புக்காய் வைத்து ஆடினால் வெள்ளைச் சிப்பாய்கள் வருவார்கள், அதிலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெட்கமே இல்லை. வெள்ளைச் சிப்பாயை ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தினார்கள், கறுப்புச் சிப்பாயைச் சாக்கடைக்கு அனுப்பினார்கள். அக்காவுக்குக் கறுப்புக்காய் விழ வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் கோயிலில் அர்ச்சனை செய்தார். நான் பார்த்தேன்.

உழைத்து உழைத்து அவர்கள் தேய்ந்தார்கள். சாக்பீஸ் தேய்வதைப்போலக் காலிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தார்கள். முழங்கால் வரை தேய்ந்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டால், தீப்பெட்டி ஆபீஸில் எந்த மரமும் வீணாகப் போவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அக்கா மாவட்டத்தில் ஜெயித்தாள், மாநிலத்தில் ஜெயித்தாள், டெல்லிக்குப் போய் ஜெயித்தாள், ஒவ்வொரு தடவையும் ஊர் அவளுக்கு மாலை போட்டு, மாலை போட்ட கையோடு தெருமுனையை எட்டிப் பார்த்தது. ஊரில் செஸ் கமிட்டி என்று ஒன்று வைத்தார்கள். அதில் செஸ் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை, தவமணி மாமாதான் தலைவர். ஒரு தடவை சேலத்தில் அக்கா யாரையும் வெட்டாமல் எதிராளியின் ராஜாவை அவன் வீட்டுக்குள்ளேயே அடைத்து மேட் வைத்தாள். அப்படி ஓர் ஆட்டம் ஆயுசுக்கு ஒரு தடவைதான் வரும் என்று சங்கிலி அண்ணன் அழுதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மேளம் இல்லை, மாலை இல்லை, தவமணி மாமா மட்டும் நின்றிருந்தார்.

"என்ன தாயி இது, வெறுங்கையோட வந்திருக்கே?"

"ஜெயிச்சிட்டேன் மாமா."

"ஜெயிச்சது சரி. சீசன் நேரம், ஆள் வேணும்லா? அடுத்த தடவ நாலு பேரையாச்சும் வெட்டிட்டு மேட்டு வையி."

அப்போதிருந்து அவள் ஆட்டம் கெட்டது. எதிராளி வெட்டட்டும் என்று காட்டும் சிப்பாயையெல்லாம் வெட்டினாள். ஆனாலும் அவளுடைய பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. தன் சிப்பாய் ஒன்றைக் காவு கொடுத்து வழியைத் திறப்பாள், அது அவளுடைய கையெழுத்து. அகமதாபாத்தில் தேசியப் பட்டத்தின் கடைசி ஆட்டத்தில் அப்படி ஓரத்துச் சிப்பாயைக் காவு கொடுத்துத்தான் ஜெயித்தாள், பேப்பரில் பலகையின் படம் போட்டு எழுதினார்கள். அன்றைக்குத்தான் சங்கிலி அண்ணன் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு, திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பஸ் ஏறினான். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்தான். அப்புறம் அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அம்மா அழுதாள். எங்கள் ஊரில் பையன்கள் பஸ் ஏறுவதும் அம்மாக்கள் அழுவதும் புதிதில்லை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வரப்போகும் சிப்பாய்களுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் படிப்பை விட்டது அடுத்த வருசம். சிப்பாய்களை நிறுத்தி வைக்க இடமில்லை என்று கமிட்டி பள்ளிக்கூடத்தில் கேட்டது, ஹெட்மாஸ்டர் எங்கள் பதினோராம் வகுப்பு அறையைக் கொடுத்துவிட்டு எங்களை மரத்தடியில் உட்காரச் சொன்னார். என் பெஞ்சில் ஒரு சிப்பாய் சுவரைப் பார்த்து நின்றான். நான் பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் டீக்கடைக்கு வந்தேன். வாத்தியார் வந்து கூப்பிட்டார். "மொதல்ல அவங்கள வெளிய அனுப்புங்க சார், நான் வாரேன்" என்றேன். அவரும் அனுப்பவில்லை, நானும் போகவில்லை.

பிறகு புவனேஸ்வர். கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு அக்காவுக்கு அரைப் புள்ளிதான் குறைந்தது, கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் போதும். அவள் ஆட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கமிட்டி எங்கள் டீக்கடையிலிருந்து போன் போட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "டிரா மட்டும் பண்ணிராத தாயி, ஒருத்தன்கூட வரமாட்டான்" என்றார் தவமணி மாமா. எதிராளி டிராவுக்குக் கை நீட்டினாளாம். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், பலகையில் அநாதையாக நின்ற ஒரு வெள்ளைச் சிப்பாயைப் பார்த்தாள், வெட்டினாள். அது விஷம் வைத்த இரை என்று அவளுக்குத் தெரியும். வெட்டிய ராணி திரும்பி வரவில்லை, ஆட்டம் போச்சு, பட்டம் போச்சு. மறுநாள் ஊருக்கு ஒரே ஒரு சிப்பாய் வந்தான், அவனுக்கு மேளம் அடித்தார்கள். அக்கா அதே நேரத்தில் பஸ்ஸில் இறங்கி, மேளத்துக்குப் பின்னால், தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு அந்த மேளக்காரன் வாயில் கொதிக்கிற டீயை ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை.

அத்தோடு அக்கா போட்டிக்குப் போவதை நிறுத்தினாள். கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகி, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்து, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, டிகிரி கேட்காமல், அவள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பார்த்து வேலை கொடுத்தது. அவள் ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, அவளைப் போலவே ஆடும் ஒரு புரோகிராம் செய்ய வேண்டும், அதை எல்லார் போனிலும் போட வேண்டும். அதற்கு 'செண்பா' என்றே பெயர் வைத்தார்கள். ஊர் அவளை நன்றி கெட்டவள் என்றது. அப்பாவின் கடையில் டீ குடித்துக்கொண்டே அப்பா காது கேட்கச் சொன்னது. சிப்பாய்கள் தேய்ந்துகொண்டே வந்தார்கள், புதிதாக ஆள் இல்லை, தவமணி மாமா சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். ஊரே துக்கம் கொண்டாடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்கு மறுபடியும் சிப்பாய்கள் வந்தார்கள், கூட்டமாக. அக்காவுக்குப் போன் போட்டேன். "நேத்துதான் புரோகிராம ஆட விட்டோம்" என்றாள். "இப்பவும் ஆடிட்டிருக்கு. நான் ஆடுற மாதிரியேட்டி. பாக்க பயமா இருக்கு. இந்தா, சிப்பாயக் காவு குடுத்துருச்சு பாரு."

அந்த நேரத்தில் என் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த சோலையப்பன் மகன் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "எங்கடா?" என்றேன். "மெட்ராசுக்கு வேலைக்குப் போறேன்" என்று புறப்பட்டு நின்ற பஸ்ஸில் ஏறினான். அவன் மெட்ராஸ் போவதாக அதுவரைக்கும் அவனுக்கே தெரியாது. அவன் பைக் சாவி கடை மேசையில் கிடந்தது.

"அக்கா, வெளையாடாத. இன்னொன்னு எப்பக் குடுக்கும்?"

"இன்னும் ரெண்டு மூவ்ல குடுக்கும். ஏன்? இந்தா குடுத்துட்டு."

பன் கொண்டுவந்த பையன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், நேராக நடந்து பஸ் ஏறினான்.

"நிறுத்து. அக்கா, அத நிறுத்து. நம்ம பயலுவ போறானுவ."

அவள் நிறுத்தினாள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவள் கணக்குப் போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. "அகமதாபாத்ல ஓரத்துச் சிப்பாய்" என்றாள். "ஆமா" என்றேன். அன்றைக்குத்தான் சங்கிலி அண்ணன் பஸ் ஏறினான். அவள் வெட்டியவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள், அவள் பக்கம் நின்று வெட்டுப்பட்டவர்கள் எங்கள் ஊரிலிருந்து போனார்கள். வந்தவர்களை மேளம் அடித்துப் பார்த்தோம். போனவர்கள் எப்போதும் போகிறவர்கள்தானே என்று விட்டுவிட்டோம். எங்கள் ஊரைத் தவிர எந்த ஊரும் இதில் ஏமாந்திருக்காது.

அக்கா ஊருக்கு வந்து கமிட்டியைக் கல்யாண மண்டபத்தில் கூட்டிச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், போன பையன்களின் பெயரையும் சொன்னாள். பன் பையனின் அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். தவமணி மாமா பொறுமையாகக் கேட்டார்.

"தாயி, நீ ஆடலைன்னா மட்டும் இவனுவ இங்கயேவா கெடக்கப் போறானுவ? இந்த ஊர்ல எவன் தங்குனான்? போறவன் போகட்டும். வாரவன் சம்பளம் கேக்கலைலா, சங்கம் வைக்கலைலா?"

"எங்க அண்ணனும் போயிட்டான் மாமா."

"இருக்கட்டும்மா. ஊருக்கு நல்லதுல்லா பாக்கணும்?"

தலையாட்டினார்கள். பையனைப் பறிகொடுத்தவர்களில்கூட நாலு பேர் தலையாட்டினார்கள், அவர்கள் வீட்டில் சிப்பாய் வேலை செய்துகொண்டிருந்தான். எனக்கு அந்த மண்டபத்தைக் கொளுத்த வேண்டும்போல இருந்தது. ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்?

கமிட்டியே சென்னைக்குப் போய்க் கம்பெனிக்காரர்களைப் பார்த்தது. கம்பெனியின் மேனேஜர் ஸ்ரீநாத் ஆச்சரியப்படவே இல்லை, நாகலூரணியில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். எல்லார் போனிலும் செண்பா ஆடினால் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம், எத்தனை சிப்பாய் என்று நினைத்துக் கமிட்டிக்கு வாயில் எச்சில் ஊறியது. தொடக்கவிழாவை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே வைத்தார்கள். மேடையில் மரப்பலகை, ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் செண்பா புரோகிராம், அதன் மூவ் பெரிய திரையில் விழும், அதைப் பார்த்துக் காயை நகர்த்தும் கௌரவம் தவமணி மாமாவுக்கு. புதுப் பட்டு வேட்டி கட்டி வந்திருந்தார். அவருடைய ஒரே மகன் காசிராஜன், என்ஜினீயரிங் முடித்துவிட்டு ஆபீஸைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கியவன், மைக் செட் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். என்னைப் பார்த்தால் ஏன் படிப்பை விட்டாய் என்று திட்டுவான்.

மாட்டேன் என்று சொன்னால் கம்பெனி வேறு ஆளை வைத்துச் செண்பாவை ஆட விடும், அதனால் அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து அதன் வயிற்றை மாற்றி எழுதினாள். அது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் சொன்னாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அக்கா ஒரு காயை நகர்த்தினாள், திரை ஒரு காயைச் சொன்னது, மாமா நகர்த்தினார். சிப்பாய்கள் மூலைக்கு மூலை எதிரெதிரே நின்றார்கள், வெட்டலாம் என்று இருந்தது, அக்கா வெட்டவில்லை. திரையும் வெட்டவில்லை. குதிரை வெளியே வந்தது, மந்திரி வந்தது, எல்லாம் எல்லாவற்றையும் தொடுகிற தூரத்தில் நின்றன, யாரும் யாரையும் தொடவில்லை. கூட்டத்துக்குச் செஸ் தெரியாது, ஆனால் வெட்டுவது தெரியும். முதலில் பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான், அப்புறம் பெண்கள் பக்கம், அப்புறம் மண்டபம் முழுக்க.

"வெட்டுட்டி!"

"கைல என்ன வளையலா போட்டிருக்கே, வெட்டு!"

"செண்பா, வெட்டு தாயி, வெட்டு!"

அக்கா ராஜாவை ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். திரையும் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தச் சொன்னது. நாற்காலி ஒன்று பறந்து வந்து மேடையில் விழுந்தது. ஸ்ரீநாத் எழுந்து நின்று யாருக்கோ போன் செய்தார். தவமணி மாமாவின் முகம் கறுத்துவிட்டது, ஊர் முன்னால், பட்டு வேட்டியில், ஒரு கம்ப்யூட்டர் சொல்லி ராஜாவை ஒளித்துவைக்க அவரால் முடியவில்லை. "என்னம்மா நாடகம் போடுதியா?" என்று கத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல், தானே கையை நீட்டி, அக்காவின் நடுச் சிப்பாயை வெட்டிப் பலகைக்கு வெளியே வைத்தார். "இப்ப வெட்டித்தானே ஆகணும்? வெட்டு!"

கூட்டம் விசில் அடித்தது. காசிராஜன் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தான்.

அவன் மண்டபத்தின் நடுவாக நடந்தான். யாரையும் இடிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவனுடைய அம்மா, "ராசா, எங்கய்யா போறே?" என்றாள். "வேலைக்கு" என்றான். விசில் ஒவ்வொன்றாக நின்றது. தவமணி மாமா மேடையிலிருந்து குதித்து, வேட்டி அவிழ்ந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடி, வாசலில் அவனைக் கட்டிப் பிடித்தார். அவன் அவரையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி போனான், இன்னோர் அடி போனான். அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவன் திரும்பவில்லை, எங்களவன் அல்லவா, யாருக்கும் அவனைத் திருப்பப் பழக்கம் இல்லை. பஸ் கிளம்பும் சத்தம் மண்டபத்துக்குள் கேட்டது.

அவர் திரும்பி வந்து, அந்தச் சிப்பாயை எடுத்து, பழைய கட்டத்தில் வைத்தார். அவசரத்தில் இரண்டு காயைத் தட்டிவிட்டார், அதையும் எடுத்து வைத்தார்.

"வச்சிட்டேன் தாயி. இந்தா, இருந்த மாதிரியே வச்சிட்டேன். நீ ஆடு. எப்படியாச்சும் ஆடி அவனக் கொண்டா."

"வெட்டுனது வெட்டுனதுதான் மாமா" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. அவள் எழுந்து, பெட்டியில் காய்களைக்கூட அடுக்காமல், மேடையை விட்டு இறங்கினாள். மண்டபத்தில் ஒருத்தரும் வெட்டு என்று சொல்லவில்லை.

ஆனால் எனக்குக் கோபம் இருந்தது, எல்லாக் கோபமும் இருந்தது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன மாமா அழுதீக? வேலைக்குத்தான போயிருக்கான். போற எடத்துல ஆள் தட்டுப்பாடா இருக்கும், நல்லா வச்சுப் பாத்துக்குவாக. கால் தேயிற வரைக்கும் வச்சுப் பாத்துக்குவாக."

அம்மா என்னை அறைந்தாள். ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில், காதில் ரீங்காரம் கேட்கிற மாதிரி அறைந்தாள். அப்புறம் மண்டபத்தைக் குறுக்கே நடந்து போய், தரையில் கிடந்த காசிராஜனின் அம்மாவைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அவள் அழுவதற்கு ஏற்ற மாதிரி முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரொம்ப நாள் பழகிய வேலையைச் செய்கிற மாதிரி செய்தாள்.

நான் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கன்னம் எரிந்தது. தவமணி மாமா பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், அவருடைய முறை இல்லை, இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.